பல்லைப் புடிச்சுப் பாரு மாப்ளே

வாங்க மாப்ளே, வாங்க. வண்டி எடுத்தாச்சாம்ல? நீ சொல்லலீன்னாலும் டீக்கடை சொல்லிப்போட்டுது. பொலேரோ பிக்கப்பு, ரெண்டாம் கை, வெள்ளைக் கலரு. பின்கதவுல 'தாய்மாமன் துணை'ன்னு எழுதீருக்கறதாவும் காதுல விழுந்துது. எழுதலையா? போச்சாது. எழுதறதுக்கு எடத்த மட்டும் உட்டு வெய்யி.

உக்காரு. திண்ணையில வேண்டாம், இந்தக் கல்லு மேல உக்காரு. இங்கிருந்து பாத்தாத்தான் வண்டியோட காலு தெரியும். டயரு மாத்தோணும்னு வந்திருக்கற. மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கன்னு உங்கம்மா அனுப்புனாளா, நீயா வந்தயா? அம்மாதானா. அதான பாத்தேன்.

எங்க, அந்தப் போனைக் காட்டு. அடேங்கப்பா! இதென்ன சாமி, டயரா பலாப்பழமா? முள்ளு முள்ளா நிக்குது. தாய்லாந்துல ஒருத்தன் மாட்டியிருக்கறானா? மட் டயரா? அருமை, இதையே வாங்கு. இதுல எத்தனை சவுகரியம் இருக்குதுன்னு உனக்கே தெரியாது. மொதல்ல, ஆரன் அடிக்கற வேலை மிச்சம். தார் ரோட்டுல இது உருள்ற எரைச்சலுக்கு, நீ பழனியில வர்றப்பவே உடுமலைக்காரன் ஓரங்கட்டிக்குவான். ரெண்டாவது, டீசல் பங்குக்காரன் உன்ற வண்டியக் கண்டா எந்திரிச்சு நின்னு கும்புடுவான். மூணாவதுதான் நெம்ப விசேசம். இப்ப வண்டியில இருக்கறது 215/75 ஆர் 15. நீ காட்டறது 235/75. சக்கரத்தோட ஒசரம் 703 மில்லிமீட்டர்ல இருந்து 733-க்குப் போகுது, நூத்துக்கு நாலு பங்கு எச்சு. அது மீட்டருக்குத் தெரியாது. மீட்டரு 100 கிலோமீட்டர்னு சொல்றப்ப வண்டி 104 ஓடியிருக்கும். நாளைக்கு விக்கறப்ப 'கம்மியா ஓடுன வண்டி'ன்னு கூசாம சொல்லலாம். வியாபாரின்னா நீதான் மாப்ளே!

ஆனா மீட்டருல 60 காட்டறப்ப நெசத்துல 62-க்கு மேல போயிட்டிருப்ப. கியரு அதே பழைய கியரு. பிரேக்கும் அதே பழைய பிரேக்கு. பெரிய சக்கரத்த உருட்டோணும்னும் நிறுத்தோணும்னும் அதுகளுக்கு எவனும் சொல்லிக் குடுக்கல. வளைச்சு ஒடிச்சா மட்காடுல ஒரசும். ஒரசட்டும். ரப்பர் கருகற வாசம் வண்டிக்குள்ளயே வரும், ஊதுவத்திக் காசு மிச்சம்.

மொறைக்காத. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு உன்னைய ஒருக்காக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்குதா? மாரியம்மன் நோம்பியோட கூடற சந்தை. நீ ஐஸ் கேட்டு அழுதுட்டு இருந்த. நான் ஒரு காங்கேயம் காளை முன்னாடி முக்கா மணி நேரம் நின்னேன். கொம்பு என்ன, திமிலு என்ன, அது திரும்பிப் பாக்கற பார்வை என்ன! அத்தனை நேரம் பாத்துப்போட்டு வாங்காம வந்தேன். ஏன் மாமா வாங்கலைன்னு கேட்ட. அது பொலிகாளை சாமி, நமக்கு வேண்டீது ஏருக்கு மாடுன்னு சொன்னேன். நீ காட்டற டயரும் அதே வகையறாத்தான். நின்னு பாக்கலாம். பக்கத்துல நின்னு போட்டாக்கூட எடுத்துக்கலாம்.

உன்ற ஓட்டம் என்ன, சொல்லு. வாரத்துல மூணு நாளு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளியும் முருங்கையும் ஏத்திப் பாலக்காட்டுக்கு. போக்குவரத்து 280 கிலோமீட்டர்னு வெச்சுக்க. அதுல தார் ரோடு எவ்வளவு? உங்க தோட்டத்துத் தடம் ஒரு 2 கிலோமீட்டர், போக வர 4. மிச்சம் 276-ம் தாரு. நாலு கிலோமீட்டர் சேத்துக்கு மொகம் பாத்துட்டு 276 கிலோமீட்டர் தாருக்கு முதுகக் காட்டறயே, இது எந்த ஊரு நாயம்? அந்த நாலுலயும் சேறு இருக்கறது ஐப்பசி கார்த்திகையில. மத்த மாசமெல்லாம் புழுதி. புழுதிக்கு எதுக்கு மாப்ளே மட் டயரு?

மாட்டுக்காரனுக்கு டயரப் பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள நெனைக்கற. நெனைப்ப. காத்தடிச்ச டயர நடப்புக்குக் கொண்டு வந்தது ஆருன்னு தெரியுமா? டன்லப்னு ஒருத்தரு, அயர்லாந்துல பெல்பாஸ்ட்ல இருந்தாரு, 1888-ல. அவரு இஞ்சினியரும் இல்ல மெக்கானிக்கும் இல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பாத்தவரு. பையனோட மூணு சக்கர சைக்கிளு கல்லுல குதிக்குதுன்னு ரப்பர் குழாய்க்குள்ள காத்த அடைச்சு மாட்டி உட்டாரு. தாம்சன்னு இன்னொருத்தரு அவருக்கும் நாப்பது வருசம் முன்னாடியே இதுக்குக் காப்புரிமை வாங்கி வெச்சிருந்தது வேற கதை. அவரு காலத்துல வாங்கறதுக்கு ஆளில்ல. நான் சொல்ல வந்தது, கால்நடை வைத்தியரு கையில பொறந்த சாமானுக்குக் கால்நடை வெச்சிருக்கறவன்கிட்ட ரோசனை கேக்கறதுல தப்பே இல்ல. நம்மூருல ரப்பர் சக்கரம் போட்ட மாட்டு வண்டியையே டன்லப் வண்டின்னுதான சொன்னாங்க.

எந்திரி. அந்தத் துண்டை எடு. பின் டயருல மண்ணைத் தொடை. ம், இன்னும் நல்லா. மாட்டுக்குச் சுழி பாக்கறாப்புல இதுக்கும் ஒடம்புல எழுத்து இருக்குது, படி. 215-ன்னா அகலம், மில்லிமீட்டர்ல. 75-ன்னா அந்த அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு பக்கச் சுவத்தோட ஒசரம். ஆர்-ன்னா ரேடியல். 15-ன்னா டிஸ்க்கு 15 இஞ்சு. இதை டயர்க் கடைப் பையன்கூடச் சொல்லுவான். அவன் சொல்லாம உடறது அதுக்குப் பக்கத்துல இருக்கறது. இந்தா பாரு, வெரல வெய்யி. எல்.டி.-ன்னு இருக்குதா? லைட் ட்ரக்கு. 8 பி.ஆர்.-ன்னு இருக்குதா? அது பலத்துக்குக் கணக்கு. உள்ள எட்டு அடுக்குத் துணி இருக்குதுன்னு எண்ணாத, அது அந்தக் காலம். எட்டு அடுக்குக்குண்டான தெம்பு இருக்குதுன்னு அர்த்தம். அப்பறம் 106/103-ன்னு இருக்குது. மொத நெம்பரு ஒத்தைச் சக்கரமா மாட்டுனா, ரெண்டாவது ஜோடிச் சக்கரமா மாட்டுனா. 106-ன்னா ஒரு டயரு 950 கிலோ தாங்கும்.

இப்ப உன்ற சிநேகிதன் சொன்னானே, 'அதே சைஸு, வெலை கம்மி, சத்தமே வராது'ன்னு, அந்த டயரப் பத்திப் பேசலாம். அதுலயும் 215/75 ஆர் 15-ன்னுதான் இருக்கும். அதே டிஸ்க்குல அழகா உக்காரும். ஆனா எல்.டி. இருக்காது. பக்கத்துல 100 எஸ்-ன்னு போட்டிருக்கும். 100-ன்னா 800 கிலோ. எஸ்-ன்னா 180 கிலோமீட்டர் வேகம் தாங்கும். அது ஆளு ஏத்தற ஜீப்புக்கு, காருக்குச் செஞ்சது. நீ முருங்கைக்காயை 180 வேகத்துலயா கொண்டு போகப் போற? போனா வேகற வரைக்கும் பொறு, பாலக்காட்டுல சாம்பாராவே எறக்கலாம். ரெண்டு பின் டயருக்கும் கணக்குப் போடு. 950-ம் 950-ம் 1900. 800-ம் 800-ம் 1600. வித்தியாசம் 300 கிலோ. தக்காளிப் பெட்டி 15 கிலோன்னா இருபது பெட்டி. அந்த இருபது பெட்டியையும் டயரு சொமக்காது, நீ குலதெய்வத்து மேல ஏத்தற.

என்ற கதை உனக்குத் தெரியாது, உங்கத்தை சொல்லியிருக்க மாட்டா. சொன்னா அவளுக்குந்தான் கோவம் திரும்ப வரும். குட்டியானை வந்த புதுசு. டாடாக்காரன் 2005-ல ஏஸை எறக்குனான், நான் நாலு வருசம் கழிச்சு ஒண்ணு வாங்குனேன். டயரு தேஞ்சுது. ஒரு கடையில போயி நின்னேன், பேரு எதுக்கு, அவனும் பொழைக்கட்டும். '145 இருக்குது, 12 இருக்குது, உங்க வண்டிக்கு வேற என்னங்க வேணும்'னான். நானும் வேற என்ன வேணும்னு மாட்டிட்டு வந்தேன். அது மாருதிக் காரு டயரு. பக்கத்துல 69-ன்னு ஒரு நெம்பரு இருந்துது. நான் அதை ஏதோ வருசம்னு நெனைச்சேன். 325 கிலோன்னு அர்த்தமாம், அப்பறமேட்டுக்குத்தான தெரியும்.

ஓணத்துக்கு முந்துன வாரம். அரசாணிக்காய் லோடு. மடத்துக்குளம் தாண்டிக்கிட்டு இருந்தேன், பட்டாசு வெடிச்சாப்புல ஒரு சத்தம். ஆரோ சீரு கொண்டு போறாங்கன்னு நெனைச்சுத் திரும்பிப் பாத்தா, வண்டி ஒரு பக்கமா முட்டி போட்டு உக்காந்துட்டிருக்குது, பின்கதவு தொறந்து அரசாணி அம்புட்டும் ரோட்டுல உருண்டுட்டிருக்குது. ஒண்ணு அமராவதிப் பக்கம் போகுது, ஒண்ணு உடுமலைப் பக்கம் போகுது. பள்ளிக்கொடத்துப் பசங்க ஆளுக்கொண்ணு கக்கத்துல இடுக்கிட்டு ஓடறானுக. அந்த வருசம் மடத்துக்குளத்துலதான் மொதல்ல ஓணம் வந்துது. நான் டயருல மிச்சம் புடிச்ச காசு, உருண்டு போன காயில பாதிக்குக் காணாது. கடைக்காரன்கிட்டப் போயி நின்னா, 'லோடு ஏத்துவீங்கன்னு நீங்க சொல்லலையே'ங்கறான். குட்டியானையில லோடு ஏத்தாம ஆனைக்குட்டியா ஏத்துவாங்க?

அதனால கடைக்குப் போனா அவன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிரோணும். இன்ன காயி, இத்தனை டன்னு, இன்ன ரோடு, இத்தனை மணிக்குக் கெளம்பறேன்னு. எத்தனை டன்னுன்னு மாமன்கிட்டப் பொய் சொல்லு, போலீஸ்காரன்கிட்டப் பொய் சொல்லு, டயர்க் கடையில மட்டும் நெசத்தச் சொல்லு. சட்டம் இப்ப எச்சு லோடுக்கு 20,000 ரூவா அபராதம், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. அந்தப் பணத்துல நல்ல டயரா வாங்கியிருந்தா... செரி, அதை நீ கட்டறப்பப் பேசலாம்.

வயசு பாக்கத் தெரியுமா? மாட்டுக்கு வாயத் தொறந்து பல்லைப் பாக்கறோம். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு, கடைசேந்தது. தரகன் என்னதான் 'இளங்காளைங்க, நேத்துத்தான் மூக்கணாங்கவுறு போட்டோம்'னு சொன்னாலும் பல்லு பொய் சொல்லாது. டயருக்கு அந்தப் பல்லு எங்க இருக்குதுன்னா, இங்க, டி.ஓ.டி.-ன்னு எழுத்து ஓடுது பாரு, அதோட வால்ல, முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நெம்பரு. மொத ரெண்டு வாரம், பின்னாடி ரெண்டு வருசம். 2319-ன்னா 2019-ஆம் வருசத்து 23-ஆவது வாரம் செஞ்சது. சில கம்பெனி இதை ஒரு பக்கத்துல மட்டும் அடிக்கும். தெரியலீன்னா அந்தப் பக்கம் குனிஞ்சு பாரு, குனியறதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்ட.

ரப்பரு உருளாம நின்னாலும் வயசாகும். வெயிலும் காத்தும் பட்டு எறுகிப் போகும். அஞ்சாறு வருசம் ஆச்சுன்னா வருசா வருசம் காட்டிப் பாக்கோணும், பத்து வருசம் ஆனா தரையப் புடிக்கற பட்டன் எத்தனை இருந்தாலும் கழட்டிரோணும்னு கம்பெனிக்காரனே சொல்றான். ஆடித் தள்ளுபடியில 'புது டயருங்க, பேப்பரு கூடப் பிரிக்கல'ன்னு ஒருத்தன் கொறைஞ்ச வெலைக்குக் குடுத்தான்னா, நீ வெலையப் பாக்காம நாலு நெம்பரப் பாரு. மூணு வருசம் குடோன்ல படுத்துக் கெடந்த டயரப் 'புதுசு'ன்னா, உங்க பெரியப்பனும் புது மாப்பிள்ளைதான்.

இப்ப நைலானா ரேடியலா? அந்தக் காலத்து நைலான் டயருல உள்ள நூலெல்லாம் கயித்துக் கட்டிலு பின்னறாப்புல குறுக்கும் மறுக்குமா ஓடும். ரேடியலுல ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேரா ஓடும், அதுக்கு மேல கம்பிப் பட்டா போட்டிருக்கும். மிஷலின்னு பிரெஞ்சுக்காரக் கம்பெனி 1946-ல அதுக்கு உரிமை வாங்குச்சு. அதே வருசம் நம்ம மெட்ராஸ் திருவொத்தியூருல எம்.ஆர்.எப்.-காரரு பலூன் செஞ்சுட்டு இருந்தாரு. காத்த அடைக்கற தொழிலுதான, பலூன் டயராச்சு. உனக்கு ரேடியலுதான் தோது. சூடு கம்மி, டீசலு கம்மி, கிலோமீட்டரு எச்சு. கல்லுக்குவாரிக்குள்ளயே பொழங்கற வண்டியா இருந்தா நைலானுக்கு இன்னைக்கும் ஒரு வார்த்தை பேசுவேன், அதோட விலாப்பக்கம் கல்லு குத்துனாலும் தாங்கும். ஒண்ணு மட்டும் செய்யாத, ஒரே அச்சுல இந்தப் பக்கம் ரேடியலு அந்தப் பக்கம் நைலானுன்னு மாட்டாத. ஒரு நொகத்துல காளையையும் எருமையையும் பூட்டுனாப்புல ஆயிரும். ஒண்ணு தடத்துல போகும், ஒண்ணு குட்டையப் பாத்துப் போகும்.

பட்டன் எப்பிடி வேணும்ங்கற? மூணு சாதி. நீளவாக்குல காடி ஓடறது ரிப்பு. தாருல நேராப் போகும், மழைத் தண்ணிய ஒதுக்கும், சத்தம் போடாது. குறுக்கால கட்டி கட்டியா நிக்கறது லக்கு, மண்ணைப் புடிச்சுத் தள்ளும். உன்ற தாய்லாந்துப் பலாப்பழம் மூணாவது. நடுவால ஆல் டெரெய்ன்னு ஒண்ணு இருக்குது, சந்தையில ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கற தரகனாட்ட, தாருக்கும் ஆமாம்பான், மண்ணுக்கும் ஆமாம்பான். தோட்டத்துக்குள்ளயே பாதி ஓட்டம்னா அவன வெச்சுக்கலாம். உனக்கு முன்னாடி ரிப்பு, பின்னாடி கொஞ்சம் குறுக்குக் காடி வெட்டுன பட்டன், அது போதும். கார்த்திகை மழையில தடத்துல சிக்குனா? என்ற காளைய அவுத்துட்டு வந்து இழுத்து உடறேன். கூலி சொந்தத்துக்குன்னு பாத்துக் குடு.

இன்னொரு கூத்தைக் கேளு. சில டயருல மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் முத்திரை குத்தியிருக்கும். எம்-மும் எஸ்-சும் போட்டிருக்கும், சேறும் பனியும்னு அர்த்தம். அது பனிக்கட்டி மேல வண்டி ஓட்டற சீமைக்கு. நம்மூருப் பய ஒருத்தன் அதைப் பாத்துட்டு 'அண்ணா, இது கொடைக்கானல் டயருங்க'ன்னு வாங்கிட்டு வந்துட்டான். கொடைக்கானல்ல மார்கழியில புல்லு மேல உறைபனி விழுகும், அதைப் பாக்கறதுக்கே நம்ம சனம் வேன் புடிச்சுப் போகுது. நம்மகிட்ட இருக்கற பருவம் வெயிலு, கடும் வெயிலு, அக்கினி நட்சத்திரம். சித்திரை மத்தியானம் தாரு ரோடு 60 டிகிரி கொதிக்கும். நம்ம டயருக்குச் சூடு தாங்கறதுதான் பெரும்படிப்பு.

சூடுன்னதும் ஞாபகம் வருது. 'வெயிலு காலம், டயரு வெடிச்சிரும், காத்தக் கொஞ்சம் எறக்கிக்கோணும்'னு ஸ்டாண்டுல சொல்லியிருப்பானுகளே? சொல்லாம இருந்தாத்தான் அதிசயம். தலைகீழு மாப்ளே. காத்து கொறைஞ்சா விலா மடங்கி மடங்கி நிமிரும். ஒரு இரும்புக் கம்பிய நாலு தடவை மடக்கி நிமித்துனா மடக்குன எடம் எப்பிடிச் சுடும்? அந்தச் சூடுதான் டயரக் கொல்லுது. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயரு ஆறிக் கெடக்கறப்பக் காத்துப் பாக்கோணும். எத்தனைன்னு என்னையக் கேக்காத, வண்டிக் கதவோரத்துல இல்லீன்னா புஸ்தகத்துல போட்டிருக்கும், முன்னுக்கு ஒண்ணு, லோடு ஏத்துன பின்னுக்கு ஒண்ணு. ஓடி வந்த சூட்டுல காத்து ஏறித்தான் காட்டும், அப்ப எறக்கி உட்டீன்னா ஆறுனதுக்கப்பறம் பட்டினி.

நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேக்கற. அடி. அவனும் பொழைக்கோணும். சும்மா அடிக்கற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்சத்துக்குக் காசு குடுக்கற மனசு உனக்கு இருந்தா, வாரம் ஒருக்கா மறக்காம செக் பண்ற மனசையும் சேத்து வெச்சுக்க.

உடுமலையில டீ குடிக்க நிறுத்துவயல்ல, கிளாஸ வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வா. பொறங்கைய இப்பிடி ஒவ்வொரு டயரு மேலயும் வெய்யி. உள்ளங்கைய வெக்காத, அது காச்சுப் போன கையி, சூடு தெரியாது. நாலுல ஒண்ணு மட்டும் சுட்டுதுன்னா காத்து கம்மி, இல்ல பிரேக்கு புடிச்சுட்டு இருக்குது. லாரியில கிளீனரா இருந்தப்ப எனக்கு இதைச் சொல்லிக் குடுத்த டிரைவரு, டீ ஆறிப் போனாலும் டயரத் தொடாம கிளாஸத் தொட உடமாட்டாரு. பத்து வருசம் ஆறுன டீயே குடிச்சேன். ஒரு டயரு வெடிக்கல.

ட்யூப்பு இல்லாததாவே பாத்து வாங்கு, டிஸ்க்கு அதுக்குத் தோதானதுதானான்னு கேட்டுக்க. வேலாமுள்ளு ஏறுனா ட்யூப் டயரு அங்கயே படுத்துக்கும். இது பொறுமையா மூச்சு உட்டுட்டு ஊடு வந்து சேரும். ரீபட்டன் போட்டது பின்னாடி மட்டும், அதுவும் நல்ல ஒடம்பு டயரா இருந்தா. முன்னாடிக்கு அது ஆகவே ஆகாது.

ரெண்டே ரெண்டு புதுசு வாங்குனா முன்னாடியா பின்னாடியா? இதுக்கு ஊருல பஞ்சாயத்தே நடந்திருக்குது. லாரிக்காரன் முன்னாடிங்கறான், முன் டயரு வெடிச்சா ஸ்டேரிங் கையில நிக்காது. டயர்க் கம்பெனிக்காரன் சின்ன வண்டிக்குப் பின்னாடிங்கறான், மழையில பின்பக்கம் வழுக்குனா வண்டி பம்பரமாட்டச் சுத்திரும். அவிய அவிய பட்டதைச் சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கற சங்கதி ஒண்ணு இருக்குது, மொட்டை டயரு எந்தப் பக்கமும் ஆகாதுங்கறது. நீ நாலா வாங்கிரு, பஞ்சாயத்தே வேண்டாம். அப்பறம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்னதைப் பின்னால, பின்னதை முன்னால மாத்து. முன்ன பின்ன வேற வேற பட்டன் போட்டா அது முடியாது, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம்தான் மாத்தலாம். அதனால நாலும் ஒரே பட்டனா, ரிப்போட லேசாக் குறுக்கு வெட்டு இருக்கறதா வாங்கிக்கறதும் உண்டு. இதுக்கு முன்னாடி வேற சொன்னேனா? சொன்னேன். லோடு எச்சுன்னா அது, மாத்தி மாத்திப் போட்டு நாலையும் ஒண்ணாத் தேய்க்கற பொறுமை இருந்தா இது. உனக்குப் பொறுமை இருக்குதான்னு உன்ற பொண்டாட்டியக் கேட்டுச் சொல்றேன்.

ஸ்டெப்னி? அதையும் பாரு. வேல்ஸ் நாட்டுல லனெத்லின்னு ஒரு ஊருல ஸ்டெப்னி தெருன்னு ஒரு தெரு, அங்க அண்ணந்தம்பி ரெண்டு பேரு 1904-ல மாத்துச் சக்கரம் செஞ்சு வித்தாங்க. அந்தத் தெருக்காரனுக்கே மறந்து போன பேரு, நம்ம பஞ்சர் கடைப் பலகையில இன்னும் வாழுது. உன்ற வண்டிக்கு அடியில அதை வாழ வெச்சிருக்கறயா? குனிஞ்சு பாரு. காத்து இருக்குதா? பாக்கலையா? வண்டி வாங்குன அன்னைக்குப் பாட்டுப் பொட்டியில எத்தனை ஸ்பீக்கருன்னு மட்டும் எண்ணியிருக்கற.

செரி, இப்ப இந்தப் பழசைப் பாக்கலாம். தீக்குச்சி ஒண்ணு குடு. காடிக்குள்ள இப்பிடிப் படுக்கப் போடு. முழுசா மறைஞ்சுதா? சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் காடி இருந்தாப் போதும், தீக்குச்சி கனமே சுமாரா 2 இருக்கும். காடி அடியில குறுக்கால ஒரு சின்ன மேடு தெரியுது பாரு, பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்தா டயரு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இதுல இன்னும் வரல. பட்டன் நல்லாவே இருக்குது. 'அப்ப எதுக்கு மாமா மாத்தோணும்'ங்கற. பல்லைப் பாரு. 1417. 2017-ஆம் வருசம் 14-ஆவது வாரம், பங்குனிக் கடைசி. விலாவுல பாரு, பாளம் பாளமா மயிர்க்கோடு உட்டிருக்குது, வண்டல் காடு காஞ்சாப்புல. இதுல ஒண்ணரை டன்னு ஏத்திப் பாலக்காடு ரோட்டுல எண்பதுல போகக்கூடாது. இதைக் கழட்டித்தான் ஆகோணும்.

கழட்டி என்ன பண்றதுன்னு ரோசிச்சயா? கடைக்காரன் பழசுக்கு இவ்வளவு தர்றேம்பான். சில்லறைதான் தருவான், வாங்காத. அதையும் அவன் பாலிஷ் போட்டு இன்னொரு அப்பாவி தலையில கட்டுவான், அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? நீ நாலையும் அப்பிடியே வண்டியில போட்டு இங்க கொண்டு வந்துரு. என்ற ஒத்தை மாட்டு வண்டிக்குப் பழைய பிக்கப்பு அச்சு, 15 இஞ்சு டிஸ்க்கு, இதே அளவு. மாடு மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும். நாலு மூட்டை எருவுதான் லோடு. இந்த வேகத்துக்கும் இந்தப் பாரத்துக்கும் இது இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்கும். அங்கிருந்து வர்றப்பவே இதுக தகையும்னு பாத்துட்டுத்தான் உன்னையக் கல்லு மேல உக்கார வெச்சேன். மிச்சம் ரெண்டு உங்கத்தை கோழிக்குக் கேட்டுட்டு இருக்கறா.

என்னத்த மொறைக்கற? ரோசனைக்குக் கூலி வேண்டாமா? எந்திரி, பொழுதோட கடை சாத்திருவான். போறப்ப அந்த ஸ்டெப்னி என்ன வருசம்னு ஒருக்காக் குனிஞ்சு பாத்துச் சொல்லீட்டுப் போ.